சாம்பியன் என்ற கணக்கில் ஜோ லூயிஸுக்கு மேல் ஆள் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்களில் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையும், அதற்கு வந்த வாசகர் கடிதங்களும் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கத்துப் பயிற்சிக்கூடங்களில் பெரிய பேச்சாகிவிட்டன. கட்டுரையாளர் முகமது அலி என்கிறார். கடிதம் எழுதியவர்களில் ஒருவர் மைக் டைசன் என்கிறார், இன்னொருவர் தோல்வியே காணாத ராக்கி மார்சியானோ என்கிறார். 1937-இலிருந்து 1949 வரை சாம்பியனாக இருந்த அமெரிக்கர் ஜோ லூயிஸ் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. கட்டுரையில் அவருக்குக் கிடைத்தது ஒரே வரி, அதிலும் ஒரு பிழை. பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தருகிற எங்களுக்கு இதை இப்படியே விட மனம் வரவில்லை.

வடசென்னையில் அலிக்கு மாற்றாக இன்னொரு பெயரைச் சொல்வது லேசான காரியம் இல்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரை பிரிந்து மோதியவர்கள்கூட அலி விஷயத்தில் ஒரே கட்சி. 1980-இல் அவர் மெட்ராஸுக்கே வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனார். 1967-இல் ராணுவத்தில் சேர மறுத்துப் பட்டத்தையே இழந்த அந்த மனிதரின் உயரத்தைப் பற்றி எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டது சாம்பியனைப் பற்றி. பட்டம் இடுப்பில் இருந்த காலத்தில் அதற்குச் செய்ய வேண்டிய வேலையை யார் முழுதாகச் செய்தார் என்று பார்த்தால் பதில் லூயிஸிடம்தான் போய் நிற்கும்.

1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் ஜேம்ஸ் பிராடக்கை எட்டாவது ரவுண்டில் வீழ்த்திப் பட்டத்தை எடுத்தார். 1949 மார்ச்சில் ஓய்வை அறிவிக்கும்வரை அது அவரிடமே இருந்தது. 11 ஆண்டு 8 மாதம். இடையில் 25 முறை பட்டத்தைப் பணயம் வைத்து ஆடினார், 25 முறையும் தக்கவைத்தார். அந்த 25-இல் முழு 15 ரவுண்டு போனவை மூன்றே மூன்று: 1937-இல் டாமி ஃபார், 1940-இல் அர்துரோ கோடாய், 1947-இல் ஜெர்சி ஜோ வால்காட். மற்ற 22 ஆட்டங்களிலும் எதிராளிக்குக் கடைசி மணி வரை நிற்கக் கொடுத்துவைக்கவில்லை.

விளாடிமிர் கிளிச்கோ இரண்டு காலகட்டங்களையும் சேர்த்து 23 முறை தக்கவைத்திருக்கிறார். லாரி ஹோம்ஸ் 20. அலியின் இரண்டு காலகட்டங்களைக் கூட்டினால் 19. இவையும் பெரிய எண்கள்தான். ஆனால் கிளிச்கோ காலத்தில் பட்டம் நாலு சங்கங்களின் நாலு பெல்டாகச் சிதறிக் கிடந்தது. அதில் ஒன்று பல வருஷம் சொந்த அண்ணன் விட்டாலியிடமே இருந்தது, அண்ணன் தம்பி மோதப்போவதில்லை. ஹோம்ஸ் ஆண்டபோதும் இன்னொரு சங்கத்தின் பட்டத்தோடு வேறு ஒருவர் இருந்தார். லூயிஸ் ஆண்டபோது உலகத்துக்கு ஒரே ஹெவிவெயிட் சாம்பியன். சண்டை வேண்டும் என்றால் அவரிடம்தான் வர வேண்டும்.

அவர் ஆடிய வேகத்தையும் கவனிக்க வேண்டும். 1940 டிசம்பரிலிருந்து 1941 ஜூன் வரை ஏழு மாதத்தில் ஏழு பட்டப் போட்டிகள். இன்றைய சாம்பியன்கள் வருஷத்துக்கு இரண்டு ஆடினாலே அதிகம். அப்படி வந்தவர்களைச் 'சப்பை ஆட்கள்' என்று அன்றைக்கே பத்திரிகைகள் கேலி செய்தன, உங்கள் கட்டுரையாளரும் அதையே மனதில் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. அந்த ஏழு பேரில் ஒருவர் பில்லி கான், ஒருவர் லூயிஸை முதல் ரவுண்டிலேயே கயிற்றுக்கு வெளியே தள்ளிய பட்டி பேர் என்பவர். பிறகு 1942 ஜனவரியில் ராணுவத்தில் சேர்ந்தார். அந்த வருஷம் ஆடிய இரண்டு பட்டப் போட்டிகளின் வருமானத்தையும் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். 1942 மார்ச்சுக்கும் 1946 ஜூனுக்கும் நடுவே ஒரு பட்டப் போட்டிகூடக் கிடையாது. அலி 25 வயதிலிருந்து 28 வரை இழந்த மூன்றரை வருஷத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். லூயிஸ் 27 முடியும் தறுவாயிலிருந்து 32 வரை இழந்த நாலு வருஷத்துக்கும் அதே கண்ணீர் வேண்டாமா?

இனி எங்களுக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறோம். ஒரு ஆட்டக்காரன் தன்னைத் திணறடித்தவனை மறுபடி ரிங்கில் சந்திக்கும்போது என்ன செய்கிறான் என்பதில்தான் அவனுடைய தரமும், அவன் வாத்தியாரின் தரமும் தெரியும்.

1936-இல் லூயிஸை ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங் நாலாவது ரவுண்டில் விழவைத்து, பன்னிரண்டாவதில் நாக் அவுட் செய்தார். காரணம் ஒரே ஒரு பழக்கம். லூயிஸ் இடது ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேராகப் போடும் குத்து) போட்டதும் அந்தக் கை வந்த வழியே தாடைக்குத் திரும்பாமல், கீழே இறங்கி மார்புப் பக்கமாக வந்தது. இறங்குகிற அந்த அரை நொடியில் தாடையின் இடப்பக்கம் வெறிச்சென்று திறந்து கிடக்கும். ஷ்மெலிங் அதைப் பழைய ஆட்டங்களைப் பார்த்தே குறித்து வைத்திருந்தார். ஜாப் வர வர அதன் மேலாக வலது கிராஸை, அதாவது பின்னால் நிற்கும் கையின் நேர்க்குத்தை, இறக்கிக்கொண்டே இருந்தார். வாத்தியார் ஜாக் பிளாக்பர்ன் இதைச் சும்மா விடவில்லை. 1938 ஜூன் 22 அன்று இருவரும் மறுபடி மோதியபோது மணி அடித்ததிலிருந்து 124 நொடி, கதை முடிந்தது. ஷ்மெலிங் மூன்று முறை விழுந்தார். ஒன்றிரண்டு குத்துக்கு மேல் வீச அவருக்கு வழியே இல்லை.

அர்துரோ கோடாய் 1940 பிப்ரவரியில் வேறு மாதிரித் தொல்லை கொடுத்தார். இடுப்பு வரை குனிந்து, தலையை லூயிஸின் மார்புக்குக் கீழே வைத்துக்கொண்டே 15 ரவுண்டையும் ஓட்டிவிட்டார். நேராகப் போகிற ஜாபும் கிராஸும் தலைக்கு மேலே காற்றில் போயின. குனிகிறவனுக்கு மருந்து அப்பர்கட், கீழிருந்து மேலே ஏற்றும் குத்து. நாலே மாதத்தில் மறு ஆட்டம். குனிந்த முகத்துக்குக் கீழிருந்து அப்பர்கட்டை ஏற்றினார், எட்டாவது ரவுண்டில் ஆட்டம் நின்றது. பாப் பாஸ்டர் 1937-இல் பத்து ரவுண்டும் ஓடியே தப்பித்தார், 1939-இல் பதினொன்றாவதில் படுத்தார். பில்லி கான் 1941-இல் பன்னிரண்டு ரவுண்டு முடிவில் இரண்டு நடுவர்களின் கணக்கில் முன்னிலையில் இருந்தார். பதின்மூன்றாவதில் நாக் அவுட் தேடி நின்று மோதப்போய், ரவுண்டு முடிய இரண்டே நொடி இருக்கும்போது வீழ்ந்தார். 1946 மறு ஆட்டத்தில் எட்டு ரவுண்டுதான். வால்காட் 1947-இல் லூயிஸை இரண்டு முறை விழவைத்தார், இரண்டு நடுவர்கள் லூயிஸ் என்றும் ரெஃப்ரி வால்காட் என்றும் தீர்ப்பு சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு வால்காட்டுக்குப் போயிருந்தாலும் நாங்கள் குறை சொல்லியிருக்க மாட்டோம். 34 வயதில், கால் மந்தமான பிறகு, 1948 ஜூனில் அதே வால்காட்டைப் பதினொன்றாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார் லூயிஸ். சாம்பியனாக இருந்தவரை எவனும் அவரிடம் இரண்டாவது முறை கடைசி மணி வரை நிற்கவில்லை.

அலியின் கணக்கை இதே தராசில் வையுங்கள். ஜோ ஃபிரேசியரிடம் 1971-இல் தோற்று, 1974-இலும் 1975 மணிலாவிலும் ஜெயித்தார். லியோன் ஸ்பிங்க்ஸிடம் இழந்ததை அதே 1978-இல் மீட்டார். இவை அவருக்குப் பெருமை. ஆனால் கென் நார்ட்டன்? 1973 மார்ச்சில் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அந்த செப்டம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அலி தப்பினார். 1976-இல் வந்த தீர்ப்பை இன்றைக்கும் பலர் ஏற்பதில்லை. மூன்று ஆட்டம், மொத்தம் 39 ரவுண்டு, அலியால் நார்ட்டனை ஒரு முறைகூட விழவைக்க முடியவில்லை. நார்ட்டனின் வாத்தியார் எடி ஃபட்ச் அலியிடம் கண்ட குறை எளிமையானது. அலி ஜாப் போடும்போது அவருடைய வலது கை தாடையோடு ஒட்டி இருக்காது. அலி ஜாப் போடுகிற அதே நொடியில் நீயும் ஜாப் போடு, அவர் ஜாபை உன் வலது உள்ளங்கையில் பிடி என்று சொல்லிக்கொடுத்தார். முதல் ஆட்டத்தில் இருந்த அந்தக் குறை மூன்றாவது ஆட்டத்திலும் இருந்தது. 1963-இல் ஹென்றி கூப்பர் இடது ஹூக்கால் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) அலியை உட்காரவைத்ததும், 1971-இல் பதினைந்தாவது ரவுண்டில் ஃபிரேசியர் அதே இடது ஹூக்கால் படுக்கவைத்ததும் அந்தத் தூங்கும் வலது கையால்தான்.

இதை நாங்கள் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு பையன் போனில் அலியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால் முதல் வேலையாக இரண்டு கையையும் இடுப்புக்குக் கீழே தொங்கப்போடுகிறான். குத்து வந்தால் பக்கவாட்டில் நழுவுவதில்லை, தலையை நேராகப் பின்னால் இழுக்கிறான். 6 அடி 3 அங்குல உயரமும், 78 அங்குல ரீச்சும் (கைகளை விரித்தால் வரும் நீளம்), கோடியில் ஒருவனுக்கு வாய்க்கிற கண்ணும் காலும் இருந்ததால் அலிக்கு அது செல்லுபடியானது. நம் பையன்கள் பெரும்பாலும் எடை குறைந்த பிரிவுகளில் ஆடுகிறவர்கள், அங்கே எதிராளியின் கையும் அதே வேகம். தலையைப் பின்னால் இழுத்தவனுக்கு முதல் குத்து படாது, எடை முழுக்கக் குதிகாலுக்குப் போயிருக்கும். அந்த நிலையில் அவனால் திருப்பி அடிக்கவும் முடியாது, மேலும் பின்னால் போகவும் முடியாது. முதல் ஜாபைப் பொய்யாகக் காட்டி, காலை ஒரு சாண் கூடுதலாக வைத்து இரண்டாவதைப் போட்டால் சரியாக மூக்கில் விழும். கயிற்றோரம் இதைச் செய்தால் பின்னால் இடமே இல்லை. கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மேனைக் களைக்கவைத்த அலியின் கின்ஷாசா ஆட்டத்தைப் பார்த்து அடி வாங்கிக்கொண்டே நிற்கும் பையன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை எந்த வாத்தியாரும் அனுமதிக்கக் கூடாது. வாங்கிய அடிக்கு உடம்பு பின்னால் கணக்குக் கேட்கும்.

லூயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை கற்றுக்கொடுக்கக் கூடியவை. இரு பாதங்களுக்கும் நடுவே தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி. முன்கால் நகர்ந்த அளவுக்கே பின்கால் இழுபட்டு வரும். கால் ஒன்றையொன்று கடக்காது, ஒட்டாது, தேவையில்லாமல் குதிக்காது. அதனால் எந்த நொடியில் நிறுத்தினாலும் அவர் குத்துவதற்குத் தயாராகவே இருப்பார். குத்து கிளம்புவது தாடையிலிருந்து. பின்கால் குதி திரும்பும், இடுப்பு திரும்பும், தோள் திரும்பும், கடைசியாகத்தான் முஷ்டி போய்ச் சேரும். அதனால் ஒரு சாண் தூரம் போகிற குத்தே ஆளைச் சாய்த்தது. வீச்சு நீளமாக இருந்தால்தான் பலம் என்று நினைத்துக் கையைப் பின்னால் ஓங்குகிற பையன், குத்து கிளம்பும் முன்பே எதிராளிக்குத் தந்தி அனுப்பிவிடுகிறான்.

கூடத்தில் செய்ய வேண்டியது இது. இரண்டு கம்பத்துக்கு நடுவே பையனின் தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றுக்கு மேலாக ஜாப் போட வேண்டும், கயிற்றைத் தொடாமலே கை தாடைக்குத் திரும்ப வேண்டும். கை தொய்ந்தால் கயிறு ஆடிக் காட்டிக்கொடுக்கும், ஷ்மெலிங் கண்டுபிடித்த குறையைப் பையனே கண்டுபிடித்துக்கொள்வான். மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, குத்திப் பழகும் பேக்கைத் தொடும் முன் இப்படி மூன்று ரவுண்டு. முஷ்டியும் முன்பாதமும் ஒரே நேரத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள். பாதம் முன்னே இறங்கி முஷ்டி பின்னால் வந்தால் எடை தரைக்குப் போய்விடும், குத்தில் கை மட்டும்தான் இருக்கும். முஷ்டி முன்னே போய் பாதம் அந்தரத்தில் நின்றால் தட்டிவிட்டாலே விழுவான். பிறகு வாத்தியார் கையில் மாட்டிப் பிடிக்கும் பேடில் ஜாப், ஜாப், கிராஸ், இடது ஹூக். கிராஸ் போகும்போது இடது கை தாடையில் இல்லையென்றால் வாத்தியார் இன்னொரு பேடால் அந்தக் கன்னத்தில் லேசாகத் தட்ட வேண்டும். ஹூக்கில் முழங்கை முஷ்டி உயரத்துக்கு வர வேண்டும். முழங்கை தொங்கினால் அடி மணிக்கட்டில் வாங்கும், சுளுக்கிக்கொள்ளும்.

மார்சியானோவுக்கு எழுதிய வாசகருக்கு ஒரு வார்த்தை. 49 ஆட்டம், 49 வெற்றி, 43 நாக் அவுட். இதை யாரும் அழிக்க முடியாது, 68 அங்குல ரீச்சுக்குள் அடங்கிய கையோடு சாதித்தார் என்பது இன்னும் பெரிது. ஆனால் அவர் பட்டத்தைத் தக்கவைத்தது ஆறு முறை. அவர் வென்ற பெரிய பெயர்களின் வயதைப் பாருங்கள்: லூயிஸுக்கு 37, வால்காட்டுக்கு 38, ஆர்ச்சி மூருக்கும் 38-க்குக் குறையாது. தோல்வி இல்லாமல் ஒதுங்கியது வேறு, எல்லாரையும் சந்தித்துக்கொண்டே நின்றது வேறு.

டைசன் 20 வயதில் சாம்பியனானவர், 1988-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்தவர். அந்த இரண்டு வருஷ டைசனுக்கு முன்னால் நிற்பதற்கு வரலாற்றில் எவருக்கும் பயம் இருந்திருக்கும். வாத்தியார் கெவின் ரூனியை விலக்கிய பிறகு தலை ஆடுவது நின்றது, ஐந்து குத்து கோர்வையாக வந்த இடத்தில் ஒற்றைக் குத்து வந்தது. 1990 டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் ஜாபால் அவரைத் தூரத்திலேயே நிறுத்தினார். கண் வீங்கியபோது அழுத்த அவருடைய கார்னரில் குளிர்ந்த இரும்புகூட இல்லை, ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஒற்றினார்கள். சாம்பியனின் மூலையில் அப்படி ஒரு குறை இருந்திருக்கவே கூடாது.

இன்றைய ஆட்களின் உடம்புக்கு முன்னால் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ சொச்சம் இருந்த லூயிஸ் எடுபடுவாரா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 1935-இல் 196 பவுண்டு லூயிஸ், 260 பவுண்டு பிரிமோ கார்னெராவை ஆறாவது ரவுண்டில் நிறுத்தினார். 2024 மே மாதம் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் தன்னைவிட ஏறக்குறைய 40 பவுண்டு கூடுதலான இங்கிலாந்தின் டைசன் ஃபியூரியை வென்றார். ஆனாலும் லெனாக்ஸ் லூயிஸ் மாதிரி 6 அடி 5 அங்குல உயரத்தில் ஜாபும் வலது கையும் முறையாகத் தெரிந்தவர் எதிரே நின்றால் ஜோ லூயிஸுக்குக் கஷ்டம்தான். அதை மறைக்கவில்லை.

அதேபோல, 1966 நவம்பரில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அந்த அலியும் 1938 லூயிஸும் ஒரே நாளில் சந்தித்தால், 15 ரவுண்டில் பாயின்ட்டில் அலி என்றே எங்களில் பலர் சொல்கிறார்கள். நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் லூயிஸுக்கு முதல் ஆட்டத்தில் எப்போதும் தொல்லைதான், கானும் பாஸ்டரும் அதற்குச் சாட்சி. லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மேன் என்று அலி வென்ற மூன்று பேருக்கு இணையான மூவர் லூயிஸின் பட்டியலில் இல்லை என்பதும் உண்மை. ஒரு நாள் ஆட்டத்தின் கணக்கில் அலிக்கு முதலிடம் கொடுப்பவரோடு நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம். பன்னிரண்டு வருஷம் அந்த இடத்தில் நின்று, வந்தவனையெல்லாம் சந்தித்து, தன் குறையைத் தானே அடைத்துக்கொண்டு ஆண்ட சாம்பியன் என்று கேட்டால் எங்கள் கை லூயிஸை நோக்கித்தான் நீளும். 1915-இல் ஜாக் ஜான்சன் பட்டம் இழந்த பிறகு 22 வருஷம் கறுப்பர் ஒருவருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோத வாய்ப்பே தரப்படவில்லை. அடைத்த அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தவரும் அவர்தான், அவருக்குப் பின்னால்தான் அலி வர முடிந்தது.

கடைசியாக, கட்டுரையில் உள்ள பிழை. '1951-இல் மார்சியானோவிடம் லூயிஸ் பட்டத்தை இழந்தார்' என்று அச்சாகியிருக்கிறது. லூயிஸ் பட்டத்தோடுதான் 1949-இல் ஓய்வு பெற்றார். வரி பாக்கி கழுத்தை நெரித்ததால் திரும்பி வந்து, 1950 செப்டம்பரில் அன்றைய சாம்பியன் எஸார்ட் சார்ல்ஸிடம் 15 ரவுண்டில் தோற்றார். 1951 அக்டோபரில் மார்சியானோவோடு ஆடியபோது பட்டம் இருவரிடமும் இல்லை, வால்காட்டிடம் இருந்தது. மார்சியானோ அதை வால்காட்டிடமிருந்து எடுத்தது 1952 செப்டம்பர் 23 அன்று, பிலடெல்பியாவில், பதின்மூன்றாவது ரவுண்டில். அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்தத் திருத்தத்தை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குத்துச்சண்டைப் பயிற்சியாளர்கள் சிலர்,
ராயபுரம், சென்னை – 13